இருவருக்கு விற்ற கொழுந்து

போதைக்காக மெல்லும் காத் இலை வியாபாரத்தில் கிடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் பறித்ததை மதியத்துக்குள் விற்றுத் தொலைக்க வேண்டும். மாலையில் அது ஆட்டுத் தீவனம். அம்ரான் சந்தையில் முக்பிலின் கடை ஒரு நாள் காலியாகக் கிடந்தால் போதும், காலங்காலமாக வந்தவர்கள்கூட அடுத்த கடையில் போய் நிற்பார்கள், நன்றிகெட்ட ஜென்மங்கள். அதனால் இலை மரத்தில் துளிர்க்கும்போதே மலைத்தோட்டத்தை முழுசாக விலை பேசி முடித்துவிடுவது அவன் வழக்கம்.

அன்று பறிக்கும் நாள். தம்பி ஹிஸாமும் துப்பாக்கியோடு வண்டியில் ஏறிக்கொண்டான். இரண்டு பிள்ளை பெற்றும் அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான். இலை போனாலும் போகட்டும், இவனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்பதுதான் வழி நெடுக முக்பிலின் கவலை.

தோட்டத்தில் மொட்டைக் குச்சிகள் நின்றன. கீழே பாதையில் ஒரு வேன், கூரைவரை இலைக்கட்டுகளோடு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"என்ன பெரியவரே, என் மரத்துல எவன் கை வச்சான்?"

தோட்டத்துச் சொந்தக்காரர் தைஃபுல்லா தாடியைச் சொறிந்தார். "விடிஞ்சும் உன்னைக் காணோமேப்பா. கடற்கரைப் பக்கத்து வியாபாரி ஒருத்தன் வந்தான், உன்னைவிடக் கூடுதலாவே குடுத்தான்..."

"பொண்ணை ஒருத்தனுக்குப் பேசிட்டு இன்னொருத்தனோட அனுப்புவீரோ? தூ!"

அதற்குள் ஹிஸாம் பாதைக்கு ஓடிவிட்டான். முதல் தோட்டாவில் வேனின் டயர் வெடித்தது. வண்டி பாறையில் மோதி நிற்க, வியாபாரி குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டான். ஹிஸாமின் காது மடல் கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம். அவனோ சிரித்தான்.

"வெளிய வாடா இலைத் திருடா! உன் குடலை உருவி அந்த இலைக்கட்டைக் கட்டுறேன்!"

தைஃபுல்லா இடுப்பிலிருந்த வளைகத்தியை உருவி நடுப்பாதையில் எறிந்தார். "என் கத்தி நடுவுல கிடக்கு! ஊர் தீர்ப்புச் சொல்ற வரைக்கும் எவனும் சுடக் கூடாது!"

மலையில் அதற்குமேல் பேச்சில்லை. கத்தி கிடக்கும்போது சுட்டவனைப் பெற்ற தாயே வீட்டுக்குள் விடமாட்டாள். முக்பில் பாய்ந்து தம்பியின் துப்பாக்கியைப் பற்றினான்.

"குடுடா."

"அண்ணே, அவன் இன்னும் நீட்டிக்கிட்டு நிக்கிறானே!"

"கத்தி விழுந்தாச்சு. சுட மாட்டான். குடுங்கிறேன்ல!"

பிடுங்கிவிட்டான். ஹிஸாம் வெறுங்கையோடு நிமிர்ந்து காறித் துப்பினான். வியாபாரி சுட்டான்.

தோட்டா ஹிஸாமின் தொண்டையில் பாய்ந்தது. கடற்கரைக்காரனுக்கு அது பயந்துபோன கிழவன் வீசிய இரும்பு, அவ்வளவுதான். இது முக்பிலுக்கு ஏன் உறைக்கவில்லை? மலைச் சட்டம் உலகத்துக்கே தெரியும் என்று எந்த மடையன் சொன்னான்? இரு கைகளாலும் தம்பியின் தொண்டையைப் பொத்தினான். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. தம்பி அவனையே பார்த்தபடி அடங்கிப்போனான்.

வேனோடு ஒட்டி நின்ற வியாபாரியின் துப்பாக்கியில் தோட்டா சிக்கிக்கொண்டிருந்தது. "மொதல்ல சுட்டது அவன்தான்! கத்தி கித்தியெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்று அலறினான்.

முக்பில் தம்பியின் துப்பாக்கியோடு எழுந்து அவனை நோக்கி நடந்தான். கத்தியின் அருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. பாழாய்ப்போன கால்.

"பெரியவரே, உம்ம கத்திய எடுத்துக்கும்."

"வேணாம்ப்பா... ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லட்டும்..."

"மரத்தை ரெண்டு பேருக்கு வித்தீரே, அப்ப எங்க போச்சு ஊர்? எடும்."

தைஃபுல்லா அழுதுகொண்டே குனிந்து கத்தியை எடுத்தார். உறைவாய் சட்டென்று தட்டுப்படவில்லை. அவர் செருகி முடிக்கும்வரை முக்பில் பொறுத்திருந்தான். பிறகு வியாபாரியைச் சுட்டான். தோட்டா தீரும்வரை சுட்டான்.