பச்சை கேட்டில் நிற்கும் வண்டி

கண்ணாடிக்கடைக்காரர் இறந்த மறுவாரத்திலிருந்து, செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய பழைய பிக்கப் வண்டி, யார் ஓட்டினாலும், எங்கே போகக் கிளப்பினாலும், பச்சை கேட் போட்ட ஒரு வீட்டின் முன்னால்தான் போய் நின்றது. மற்ற நாட்களில் சொன்ன பேச்சைக் கேட்டது. கடையை எடுத்து நடத்திய அவர் மனைவி, கண்ணாடிக்காரம்மா, முதல் தடவை தன்னுடைய கவனப்பிசகு என்றே நினைத்தார். இரண்டாம் தடவை ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் வலப்பக்கம் பிடித்து இழுத்தார். சக்கரங்கள் சாவகாசமாக இடப்பக்கம் திரும்பின. மூன்றாம் தடவை அந்த வீட்டுக் கொடியில் பூப்போட்ட நைட்டி ஒன்று காய்வதைப் பார்த்தார். அன்று போன தூக்கம் நாலு வருஷம் திரும்பி வரவில்லை. மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் வண்டி தேடிப் போகிற வீடு என்றால் அது என்ன வீடாக இருக்கும்? அந்தக் கேள்வி அவரை உட்கார விடவில்லை, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க வைத்தது. இறங்கிப் போய்க் கேட்கவும் பயம். செவ்வாய்க்கிழமைகளில் வண்டியை எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் வாங்கிய வேலை கிழமை பார்த்தா வரும்? மாதத்துக்கு ஒரு செவ்வாயாவது அந்த கேட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

நாலாம் வருஷம் வண்டிக்குச் செவ்வாய் எது, புதன் எது என்று தெரியாமல் போயிற்று. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஐம்பத்திரண்டு ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட வேண்டிய நேரத்தில் தினமும் பச்சை கேட்டுக்கே போனால் கடை என்னாவது? பவர் ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். மேசைமேல் மூன்று கியர்பாக்ஸை எடுத்து வைத்தார். மூன்றிலும் போல்ட் துளை நாலும் பொருந்தின. ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப அதே மூன்றேகால் சுற்று.

“இது பேக்கரி வண்டில இருந்தது, அக்கா. விடிஞ்சா பேக்கரிக்குத்தான் இழுக்கும். இது டிரைவிங் ஸ்கூல் வண்டியோடது, யாரு ஓட்டினாலும் நம்பாது, முக்குக்கு முக்கு தயங்கும். இது புத்தம் புதுசு. ஒரு வழியும் தெரியாது, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். ஆனா எதை எடுத்தாலும் பழசைக் குடுக்கணும். உருக்கப் போயிடும்.”

உருக்கிவிட்டால் அந்த வீட்டின் விவரம் கடைசிவரை தெரியாமலே போய்விடும். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்தவர் ஒன்பது நாள் வீட்டுக்கும் கடைக்குமாக அலைந்தார். பத்தாம் நாள், கேட்க வேண்டியதையெல்லாம் வாய்க்குள் அடுக்கிக்கொண்டு, ஸ்டீயரிங்கில் சும்மா கை வைத்து உட்கார்ந்தார். வண்டி கூட்டிப்போனது. இறங்கி, கேட்டைத் தட்டினார்.

கேட்டைத் திறந்த நைட்டிக்காரிக்கு எழுபது வயதுக்குக் குறையாது.

“வாங்க, வாங்க. ஜன்னலுக்குத்தானே? அளவு எடுத்தவரு செவ்வாக்கிழமை வர்றேன்னு சொன்னாரு. வண்டி வருது, நிக்குது, நீங்க இறங்காமலே போயிடுறீங்க. எங்கமேல என்ன கோவமோன்னு இருந்தோம்.”

ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. கண்ணாடித் தொழிலில் அளவு எடுத்தவர்தான் வெட்ட வேண்டும். இன்னொருவர் பென்சில் குறி இருக்கும் சட்டத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள். வேறு கடைகளிலிருந்து வந்த இரண்டு பேரும் குறியைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். சட்டத்தின் ஓரத்தில் இறந்துபோன கணவரின் கையெழுத்து, குறுக்கே கோடு போட்ட ஏழு. கண்ணாடிக்காரம்மாவுக்கு அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் மறந்துபோயின. நாலு வருஷம் அந்த மனிதரைச் சந்தேகப்பட்டதற்காக அங்கேயே நின்று அழுதார். பிறகு டேப்பை எடுக்காமலே அந்த எண்களைக் குறித்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணாடியைக் கொண்டுபோய் மாட்டியபோது ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்குப் பிறகு வண்டி பச்சை கேட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறெங்கும் போகவுமில்லை. எதை ஏற்றினாலும் நேரே வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலை ஒட்டி நின்றது. பள்ளிக்கூடக் கண்ணாடி மூன்று தடவை அப்படி வீடு திரும்பியது. மூன்றாம் தடவை கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக்கை வரவழைத்தார்.

“புதுசையே மாட்டு, தம்பி. பழசைத் தர மாட்டேன், அதுக்கு என்ன உண்டோ வாங்கிக்கோ.”

புதுசுக்குக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி பழக ஒரு மாதம் ஆயிற்று. பழசு இப்போது கண்ணாடி வெட்டும் மேசையோரம் இருக்கிறது. கண்ணாடிக்காரம்மா எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாலும் அதன் தண்டு மெல்ல அந்தப் பக்கம் திரும்புகிறது. மெக்கானிக் ஒருநாள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஆயில் சீல் கசிகிறது, கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணாடிக்காரம்மா தட்டு வைத்தார்.