பக்கத்தில் நிற்பவரைக் கேட்கக் கூடாது

1
என் நாத்தனார் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அழுததிலிருந்து வந்த கதை இது. ஆறுதல் சொல்வதற்கு முன்பே மனத்துக்குள் முதல் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதல் முயற்சி: ‘அறிவை முறையாக நிர்வகிக்கும் நிறுவனமே காலத்துக்கேற்ப வேகமாக...’ அடித்துவிட்டேன். அது அவளுடைய முதலாளியின் குரல்.

2
லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் அவள் அறிவு மேலாளர். மெக்கானிக்குகளின் தலையில் இருப்பதையெல்லாம் கணினியில் சேர்த்தால் எந்தப் பழுதுக்கும் உடனே பதில் கிடைக்கும், நிறுவனம் சுறுசுறுப்பாகும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். பிறகு வந்த விதிதான் வினை: சந்தேகத்தைக் கணினியிடம் மட்டுமே கேட்க வேண்டும், சக ஊழியரிடம் கூடாது. அவர்கள் கூடிப் பேசிய டீ அறையையும் பூட்டியாயிற்று.

விதியை எழுதியவள் என் நாத்தனார்.

3
போன வாரம் ஒரு மெக்கானிக் அவளை போனில் அழைத்தார்.

“மேடம், லிப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள மாட்டிக்கிட்டவரு என் பரம்பரையையே திட்டுறாரு.”

“கம்ப்யூட்டர்ல தேடினீங்களா?”

“தேடினேன். பதில் இருக்கு. ‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ன்னு திறக்க மாட்டேங்குது.”

“சரி, நான் உடனே...”

“அதை எழுதினவரு என் பக்கத்துலதான் நிக்கிறாரு. கேட்டுக்கலாமா?”

(மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். குறைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் தவறிப்போய்ப் பதில் சொல்லிவிடாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாராம்.)

4
சுறுசுறுப்பு வந்ததா என்று நாளை முதலாளி கேட்கப்போகிறார். டீ அறையைத் திறந்து அவர்களைப் பேச விடுங்கள் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால், பிறகு நீ எதற்கு என்பார்.

“அண்ணி, கதையில என்னை எதையும் சொல்ல வெச்சிடாதீங்க. இந்த வேலைக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.”

“அப்ப பொய் சொல்லப்போறியா?”

“அறிக்கை கொடுக்கப்போறேன். அதுல உண்மை, பொய்னெல்லாம் வராது.”

சிரித்தேன். ஆனாலும் அந்தப் பயம் எனக்கும் பழக்கம்தான். வாசகர் தாமாகவே எல்லாம் புரிந்துகொண்டால் நான் எதற்கு?

5
முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். முதலாளி எழுந்து கைதட்டி... (அவரை நான் பார்த்திருக்கிறேன். தட்டமாட்டார்.)

முடிவு ஆ: “அபார முன்னேற்றம்” என்கிறாள். எல்லாக் கிளைகளுக்கும் அவளே மேலாளர் ஆகிறாள். எல்லா டீ அறைகளுக்கும் பூட்டு. (இது நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.)

ஆகவே அவளை முதலாளியின் மேசை முன் நிறுத்தியிருக்கிறேன். “சுறுசுறுப்பு வந்துடுச்சாம்மா?” என்கிறார். அவள் வாயைத் திறந்து...

நான் எழுந்து வந்துவிட்டேன். மிச்சத்தை நான் எழுதினால் குடும்பச் சண்டை. நீங்கள் சொல்லிவிடுங்கள். பறிபோக அங்கே உங்களுக்கு வேலை எதுவும் இல்லையே.