இருபத்திரண்டு வருட முன்னிசை

எங்கள் ராக் குழு இருபத்திரண்டு வருடங்களாக ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் முன்னிசை முடியவில்லை. நான் அந்தக் குழுவின் பாடகி. பெயர் பூங்கோதை, போத்தனூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு, ரயில்வே காலனி மாவு மில்லின் மாடிக்குப் போய், நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பாட வேண்டிய இடம் வந்தால் பாட வேண்டும். வந்ததில்லை.

யாரையும் குறை சொல்ல முடியாது. ப்ராக்ரெஸிவ் ராக் என்றால் முன்னிசை கொஞ்சம் நீளம்தான் என்று டெரிக் முதல் நாளே சொல்லிவிட்டார். பாட்டை நடுவில் நிறுத்துகிற பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது கடைசி ஸ்வரத்தைக் கீழே மில்காரர் ரங்கசாமியிடம் கொடுத்துவிட்டுப் போவோம். அவர் அதை அரவை மோட்டாரில் போட்டு மறுநாள் நான்கு மணிவரை ஓடவிடுவார். மிளகாய் அரைத்த நாட்களில் ஸ்வரம் காரமாகத் திரும்பி வரும். கிடார் வாசிக்கும் செங்கோட்டுவேல் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத் தொடங்குவார். தும்மலும் தாளத்தில்தான் இருக்கும்.

குழுவில் எல்லோரும் ரயில்வேக்காரர்கள். ஆகவே மாற்றல் வரும். ஒருவருக்கு மாற்றல் வந்தால், அவருடைய வேலைக்கு யார் வருகிறாரோ அவரே குழுவிலும் அவருடைய இடத்துக்கு வருவார். தனக்குத் தெரிந்ததை வாசிப்பார். இதில் ஒரே ஒரு விதி உண்டு. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து வாசித்து, ஒரு சுற்று முடிகிற அடியில் இடம் மாற வேண்டும். சுற்றின் நடுவில் யாரும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதல் அணியில் டெரிக் டிரம்ஸ். ஷன்டிங் எஞ்சின் ஓட்டுபவர்; ஏழு அடிக்கு ஒரு சுற்றாக வாசிப்பார். பார்சல் ஆபீஸ் குஞ்சுமோன் பேஸ் கிடார். அந்த அணியின் சத்தம் கனமானது. குஞ்சுமோன் அதை ஒருமுறை பார்சல் தராசில் ஏற்றிப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தது. மாடித் தளம் தொய்ந்துவிட்டதால் ரங்கசாமி கீழேயிருந்து நான்கு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தார். எட்டு வருடம் அப்படி வாசித்தோம். எட்டாம் வருடக் கடைசியில் ஒரு மாலை டெரிக் என்னைப் பார்த்து, "இன்னும் பதினாறு சுத்து. அப்புறம் நீதான்மா" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மறுநாள் காலை அவருக்குக் குண்டக்கல்லுக்கு மாற்றல் வந்தது.

அவர் இடத்துக்கு நாகர்கோவில் ஜெபராஜ் வந்தார். சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். டிரம்ஸின் மேல் ஒரு பலகையைப் போட்டுத் தன் கீபோர்டை வைத்துக்கொண்டார். சத்தம் ஈரமாகிவிட்டது. சுவரில் கசிந்து, படியில் இறங்கி, மில்லில் மாவு கட்டி தட்டியது. ரங்கசாமி முட்டுக் கட்டைகளைப் பிரித்துவிட்டு வாளிகளை வைத்தார். அந்த ஐந்து கோடையும் காலனியில் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை. பிறகு குஞ்சுமோன் பாலக்காட்டுக்குப் போக, கும்பகோணத்திலிருந்து வைஜயந்தி வயலினோடு வந்தாள். சத்தம் காய்ந்து, மெலிந்து, நீண்டுவிட்டது. மாடியில் வாசிப்பது முதல் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய்ச் சேர பதினொரு நிமிடம் ஆகும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்கள் நாங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சத்தம் மாறும்போதெல்லாம் பாட்டு வேறு பக்கம் திரும்பும். திரும்பும்போதெல்லாம் என் இடம் தள்ளிப்போகும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. காலனி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கனமான சத்தம்தான் அசல் என்று ஒரு கட்சி, ஈரத்துக்கு ஈடில்லை என்று ஒரு கட்சி. கனக் கட்சிக்குத் தலைவர் ஓய்வு பெற்ற கார்டு ஞானமுத்து. வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து முன்வரிசையில் போட்டு உட்காருவார். "டெரிக் போனப்பவே எல்லாம் போச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதை" என்று எழுந்து போகும்போது சொல்வார். மறுநாள் நான்கு மணிக்கு முதல் ஆளாக வருவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமல் இவ்வளவு அன்பு காட்டிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டில் என் கணவர் மனோகரன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னிக்குப் பாடுனியா?"

"இல்லீங்க."

"செரி, தோசை ஊத்தட்டுமா?"

மூன்று முறை பதவி உயர்வு வந்தது. ஏற்றுக்கொண்டால் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்பதால் மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது தனி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பதினேழாம் வருடம் ஜெபராஜுக்கு மாற்றல் வந்து, திருக்கடையூர்க்காரர் அமிர்தகடேசன் வந்தார். அதே ஷன்டிங் எஞ்சின் வேலை, தவில் வாசிப்பவர். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து எங்களைக் கேட்டார். எட்டாம் நாள் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, எடுப்பு எங்க வச்சிருக்கீங்க?"

"அப்படீன்னா?"

"நீங்க பாட்ட எடுக்கிற இடம்மா. அது தெரியாம இத்தன வருஷமா எங்க போய்க்கிட்டிருக்கீங்க எல்லாரும்?"

பதினேழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் படிக்கட்டில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். வந்தபோது அவர் கரித்துண்டை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டெரிக்கின் ஏழு, குஞ்சுமோனின் பதினொன்று, ஜெபராஜின் ஒன்பது, வைஜயந்தியின் ஐந்து, செங்கோட்டுவேலுக்கே எண்ணிக்கை தெரியாத ஓர் இழுவை. எல்லாம் இன்னும் பாட்டுக்குள்ளேதான் அலைந்துகொண்டிருக்கின்றன என்றார். எல்லாவற்றையும் கட்டி ஒரு கோர்வை வைத்தால், அதன் கடைசி அடி என் எடுப்பில் வந்து உட்காரும். கோர்வையை ஒருமுறை வாசிக்க ஒரு வருடம் ஏழு மாதம். கோர்வை என்றால் மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாளே தொடங்கினோம்.

முதல் முறை குறையில்லாமல் முடிந்தது. இரண்டாம் முறையின் ஆறாம் மாதம் ஒரு தவறு நடந்தது. மாடி ஜன்னலுக்கு வெளியே ஹோம் சிக்னல் இருக்கிறது. ஜன்னலை மறைத்து ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கும். அன்று ஆடிக் காற்றில் காலண்டர் கழன்று விழுந்தது. சிக்னலில் சிவப்பு எரிந்தது. ரயில்வேக்காரர்கள் சிவப்பைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? எல்லோரும் நின்றுவிட்டார்கள். அரை அடிதான். நானும் நின்றேன், நான் எப்போதும் நிற்பதால் அது வெளியே தெரியவில்லை.

அமிர்தகடேசன் சுவர்க் கணக்கை முதலிலிருந்து மறுபடி கூட்டிப் பார்த்தார்.

"அரை அடி கூடிப்போச்சும்மா. எங்கயாவது கழிக்கணும். கோர்வையில கை வச்சா கலைஞ்சிடும். உங்க மூச்சுல மட்டும்தான் இடமிருக்கு."

"எடுத்துக்குங்கண்ணா."

"பாடறதுக்கு முன்னால மூச்சு இழுக்க நேரமிருக்காது."

"எடுத்துக்குங்க."

அன்றிலிருந்து கவுண்டரில் மூச்சு இழுக்காமல் பேசிப் பழகினேன். ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று ஒரே மூச்சின் அடிமட்டத்திலிருந்து சொல்லுவேன். டிக்கெட் வாங்க வந்தவர்கள், "சில்லறை இல்லீங்க" என்று என்னை மாதிரியே மூச்சில்லாமல் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை முடிய நாற்பது நாள் இருந்தபோது எனக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வு என்றால் மறுக்கலாம். இது வெறும் மாற்றல். மண்டபத்துக்குப் போக வேண்டும். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு இங்கிருந்து விடுவிப்பு. சுவர்க் கணக்குப்படி கோர்வை முடிவது அதே நாள் ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நினைத்து நான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

என் வேலைக்கு மண்டபத்திலிருந்து ஷமீமா வந்தாள். முப்பது வயது இருக்கும். விதிப்படி அவளும் மைக்கைப் பிடிக்க வேண்டும். கடைசி வாரம் முழுவதும் ஒரே மைக்கை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் அடிக்கடி கால் மாற்றி நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நிற்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவள் காலனியில் இப்போது இன்னொருத்தி இருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

முப்பத்தொன்றாம் தேதி காலனியில் யாரும் வீட்டில் இல்லை. மாடி நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, மீதிப்பேர் முதல் பிளாட்பாரத்தில் இடம் பிடித்தார்கள். மனோகரன் முன்வரிசையில், ஞானமுத்துவுக்குப் பக்கத்தில். ஐந்து மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அய்யாத்துரை விடுவிப்பு உத்தரவோடு மேலே வந்தார். நல்ல மனிதர், ஆனால் கடிகாரம் பார்த்து வாழ்பவர்.

"அஞ்சு ஆயிருச்சும்மா."

அமிர்தகடேசன் வாசிப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினார்.

"சார், சுத்து இன்னும் முடியல."

"எப்பத் தொடங்கின சுத்து?"

"போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட்டுல."

அய்யாத்துரை சுவரிடம் போய்க் கணக்கை முதல் வரியிலிருந்து விரல் வைத்துச் சரிபார்த்தார். ஐந்து நிமிடம் ஆனது. பிறகு, "நடுச் சுத்துல விடுவிக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றார்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்குச் சத்தம் கனக்கத் தொடங்கியது. தளம் தொய்ந்தது, ரங்கசாமி கீழே ஓடுவது கேட்டது. கனத்துக்குள்ளேயே ஈரமும் வந்தது. முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். செங்கோட்டுவேலின் இழுவை ஜன்னல் வழியாகப் போய் எங்கோ தண்டவாளத்தின் முடிவைத் தொட்டுத் திரும்பியது. யாரும் எங்கும் போய்விடவில்லை. அத்தனை அணியும் அந்த மாடியில் இருந்தது. தவில் அவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது, தகதிமி தகதிமி என்று, ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவதின் கடைசிச் சொல் விழப்போகிறது என்று தெரிந்தது. ஷமீமா என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பாடுங்க" என்றாள்.

மூச்சு இழுக்க அரை அடி இல்லை. நான் மூச்சில்லாமல் பாடினேன்.

"கதவைத் திறந்து வை, நான் வந்துகொண்டிருக்கிறேன்."

இருபத்து நான்கு வயதில் எழுதிய வரி. நாற்பத்தாறு வயதில் அது என் வாயிலிருந்து சுத்தமாக, கம்பீரமாக, சுருதி பிசகாமல் வந்தது. நானே சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். பிளாட்பாரக் கடைசியிலிருந்தவர்களுக்கும் அதே நொடியில் கேட்டது. கனமும் ஈரமும் நீளமும் என் குரலுக்குக் கீழே வந்து நின்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டன. மாடியில் விசில் பறந்தது. அய்யாத்துரை கொடியை எடுத்துப் பச்சை காட்டினார். இரண்டு கட்சிக்காரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஞானமுத்து எழுந்து நின்று, "டெரிக் இருந்திருந்தா..." என்று தொடங்கினார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு அப்படித்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கூட்டம் அடங்கியபின் அய்யாத்துரை உத்தரவை வெளியே எடுத்தார். அமிர்தகடேசன் சொன்னார்:

"எடுப்பு விழுந்த அடியே அடுத்த சுத்தோட முதல் அடி, சார். இதுவும் நடுச் சுத்துதான்."

அய்யாத்துரை பேனாவை எடுத்தார். ஆளை நகர்த்த இயலவில்லை என்று உத்தரவின் பின்பக்கத்தில் காரணத்தோடு எழுதி, மேலே அனுப்பக் கீழே இறங்கிப் போனார்.

ஏழு மணிக்கு, முதல்முறையாக, என் ஸ்வரத்தையும் ரங்கசாமியிடம் கொடுத்தேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். வீட்டுக்கு நடக்கும்போது மனோகரன் பழக்க தோஷத்தில் கேட்டார்.

"இன்னிக்குப் பாடுனியா?"

"பாடுனேனுங்க."

"அப்ப நெய் தோசை."

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அய்யாத்துரை வாசலில் நின்றபடியே மேலிடத்துப் பதிலைப் படித்துக் காட்டினார். ஏற்கெனவே பிறந்த உத்தரவை ரத்துச் செய்ய வழியில்லை. ஆளை நகர்த்த இயலாத பட்சத்தில் நிலையத்தையும் காலனியையும் மண்டபத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. ஷமீமாவுக்கும் இதில் சௌகரியம், அவள் அம்மா வீடு அங்கேதான் இருக்கிறது என்றார். நாங்கள் அவருக்கும் ஒரு தோசை கொடுத்தோம்.

காலையில் ஜன்னலைத் திறந்தபோது கடல் தெரிந்தது. வழக்கம்போல ஆறு மணிக்குக் கவுண்டரைத் திறந்தேன். பால்காரர் மட்டும் போத்தனூருக்குப் பக்கத்து மதுக்கரையிலிருந்து வர வேண்டியவர். பதினொரு மணிக்குத்தான் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"நாளையிலிருந்து கொஞ்சம் முன்னாடியே கெளம்பிடறேனுங்க" என்று சொல்லிவிட்டு அரை லிட்டர் ஊற்றினார்.