ஐந்து மேஜையில் வளர்ந்த ஈஸ்ட்

காலேஜ் லேப் பரீட்சை. ஆறு மேஜை, ஈஸ்ட் வளர்க்க ஆறு ஃபெர்மென்டர் ஜாடி. ஒவ்வொன்றிலும் உள்ள சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட்டை விட்டு, அது வளர வளரக் கூடும் கலங்கல் மணிக்கொரு தரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதிலேயே போன வருஷம் கோட்டை விட்டவள் நம்ம 'அவசரம்'. வீட்டில் வைத்த பேர் வேறு, வகுப்பு வைத்தது இது. இந்தத் தடவையும் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அம்மாவோ தெருவெல்லாம் "எம்பொண்ணு இன்ஜினியர்" என்று தம்பட்டம் அடித்தாயிற்று.

காலையிலிருந்து ஐந்து முறை அளந்தாள். ஐந்து முறையும் அதே எண். கோடு செத்த பாம்பு மாதிரி நீட்டிப் படுத்துக் கிடந்தது. பக்கத்து மேஜைக் கோடு ஜம்மென்று மேலே ஏறியிருந்தது.

"உனக்கு மட்டும் எப்படிடீ?"

"கைராசிடீ," என்றாள் பக்கத்து மேஜைக்காரி, நோட்டைப் படக்கென்று மூடிக்கொண்டு.

அளந்த குழாயைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனாள். எல்லாருக்கும் ஈஸ்ட் ஊற்றிக் கொடுத்த தாய்க்குடுவை அங்கே காலியாகக் கிடந்தது. அதில் நேற்று சாயங்காலம் அவளே ஒட்டிய வெள்ளை டேப், இப்போது வரி வரியாகக் கறுத்திருந்தது. கிருமியைக் கொல்லும் அந்தப் பெரிய குக்கருக்குள் போய் வெந்தால்தான் அது கறுக்கும். அடிப்பாவி! மறுபடி வந்தவள் என்று எடுபிடி வேலையெல்லாம் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் சர்க்கரைக் கரைசலோடு இதையும் உள்ளே தள்ளி, மொத்த வகுப்பின் ஈஸ்ட்டையும் அவித்துத் தொலைத்திருக்கிறாள்.

பேசாமல் அவர்களை மாதிரி நாமும் நாலு எண்ணை ஏற்றிப் போட்டால் என்ன? பென்சிலை எடுத்தாள். கீழே வைத்துவிட்டாள்.

வாத்தியார் வந்தார். மற்ற ஐந்து மேஜை நோட்டையும் புரட்டி, "அருமை, அருமை" என்றார். அவளுடையதைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"ஏம்மா, எல்லாருக்கும் வளர்ந்திருக்கு. உனக்கு மட்டும் என்ன கேடு?"

தொட்டியில் கிடந்த தாய்க்குடுவையை எடுத்து வந்து நீட்டினாள்.

"எல்லாருக்குமே செத்துதான் சார் போச்சு. நான்தான் நேத்து அவிச்சுட்டேன். சத்தியமா தெரியாம பண்ணிட்டேன் சார்."

வாத்தியார் டேப்பைப் பார்த்தார். அந்த ஐந்து நோட்டையும் மறுபடி பார்த்தார்.

"செத்ததை வளர்க்கிற வித்தை எனக்கு இன்னும் கைவரலைப்பா," என்றார் நிதானமாக. "நாளைக்கு அஞ்சு மேஜையும் என் கண்ணு முன்னால செஞ்சு காட்டுங்க."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ தேறிட்டே, வீட்டுக்குப் போம்மா. மெதுவா போ."