குறையாத தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். லாண்டரியில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறு எங்கே இருக்கும்? பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதே 'இஸ்திரிப்பெட்டி' என்றுதான். ஆறின பிறகு தொட்டால் போதுமாம், ஒன்றும் செய்யாதாம்.

மரம் வீட்டுக்குள் வந்த அன்று நான் ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்கு எப்போதும் பிளாஸ்டிக் மரம்தான் வைப்போம். இந்த வருடம் நிஜ மரம்தான் வேண்டும் என்று என் தங்கை அடம்பிடிக்க, இவரும் தலையாட்டிவிட்டு, கூரை உயரத்துக்கு ஒன்றை வாங்கிவந்து சில நாள் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தார். உள்ளே கொண்டுவந்ததும், ஜன்னலோரம் ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் என்றாள் தங்கை. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களாம். அனலுக்குப் பக்கத்தில் வைத்தால் காய்ந்து பற்றிக்கொள்ளும், தள்ளி வை என்றேன். அவள் கேட்பதாக இல்லை.

"என் வீட்டுல நான் சொல்ற இடத்துலதான் மரம் நிக்கும்!" என்று கத்திவிட்டேன்.

கல்யாணம் முறிந்து எங்களோடு வந்து இருந்து, இங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்ப்பவள் அவள். வந்த நாளிலிருந்து 'என் வீடு' என்று அவள் காதுபட நான் சொன்னதே இல்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவள் நான் காட்டிய மூலைக்கு மரத்தை நகர்த்தினாள். மரம் நிற்கும் இரும்புத் தாங்கியின் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். அலமாரி மேலிருந்த அவளுடைய பெட்டி இறங்கிவந்து வாசல் கதவோரம் நின்றது. வேறு ஊரில் ஒரு பெரிய பேக்கரியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், பண்டிகை முடிந்ததும் போகிறேன் என்று இவரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் பிறந்த வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. வாயால் மன்னிப்புக் கேட்கமாட்டோம், நாக்கு கூசும். அதற்குப் பதிலாக மற்றவர் செய்யவேண்டிய வேலையைச் சத்தமில்லாமல் செய்து வைத்துவிடுவோம். செய்தவர் சொல்லக்கூடாது, கண்டவர் கேட்கக்கூடாது. கேட்டால் அது கெட்டுப்போகும்.

மரத்துக்குத் தண்ணீர் விடக் காலையில் அவள், மாலையில் நான் என்று சண்டைக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். மறுநாள் மாலை லாண்டரியிலிருந்து வந்து, ஜக்கோடு போய்க் குனிந்து பார்த்தேன். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. என் முறையை அவள் செய்து வைத்திருக்கிறாள்! தப்பு என் பக்கம் இருக்க, முதலில் இறங்கி வந்தது அவள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிலுக்கு அவள் முறையை நான் செய்யலாம் என்று அடுத்த நாள் அவளுக்கு முன்னால் எழுந்தேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தொட்டியோ நிறைந்திருந்தது. எப்போது ஊற்றினாள்? தூக்கத்தில் நடக்கிறாளா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்கவும் கூடாதே. ஜக்கை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, அவளுடைய பேக்கரி உடுப்பை விறைப்பாக இஸ்திரி போட்டு மாட்டினேன். மாலையில் மேஜை மேல் எனக்குப் பிடித்த பன் இருந்தது. இன்னும் சில நாளில் பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது. அந்த வெளியூர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"அக்கா, உப்பு எங்க?" என்று கேட்டாள் ஒருநாள். சண்டைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவு பதற்றம்.

மரம் மட்டும் எங்கள் சமாதானத்தில் சேரவில்லை. பெருக்கப் பெருக்க ஊசி இலை கொட்டியது. தொட்டியில் தண்ணீர் ததும்புகிறது, மேலே மரம் துடைப்பக்கட்டை போல நிற்கிறது. "இடம் மாறின ஏக்கம்" என்றார் இவர். நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை விளக்குச் சரத்தைப் போட்டோம். கோணலாக இருந்த நட்சத்திரத்தைச் சரிசெய்யக் கை நீட்டினேன். ஒரு கிளை முழுக்கப் பொலபொலவென்று என் தோளில் உதிர்ந்தது. இலையோடு ஒட்டியிருந்த பல்பு சுட்டது. கருகல் வாடையும் வந்தது.

"முதல்ல ப்ளக்கைப் புடுங்குங்க மாமா!" என்று தங்கை கத்தினாள். இவர் பாய்ந்துபோய்ப் பிடுங்கினார்.

தங்கை ஒரு கிளையை வளைத்தாள். சுள்ளியாய் ஒடிந்தது. "என் முறையையும் சேர்த்து நீதானே ஊத்துற. அப்புறம் ஏன்க்கா இப்படிக் காயுது?"

"நானா? நீதானேடி ஊத்துற!"

இருவரும் இவரைப் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்குறீங்க? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஜக்கோட அலையுறீங்க. நடுவுல நான் வேற ஊத்தணுமா?"

நான் மண்டியிட்டுத் தொட்டிக்குள் விரலை விட்டேன். தண்ணீர் வழவழத்து நாறியது. முதல் நாள் மரத்தை ஜோடித்தபோது உதிர்ந்த ஜிகினா அதே இடத்தில் மிதந்தது. இவர் மரத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வெட்டின இடத்தைப் பிசின் கெட்டியாகி மூடியிருந்ததாம்.

"அடியில கொஞ்சம் அறுத்துத் தரவா, அப்பத்தான் தண்ணி குடிக்கும்னு கடைக்காரர் கேட்டாரு. கூரைக்குச் சரியா அளந்த மரமாச்சே, வேணாம்னுட்டேன்."

ஆக, வந்த நாளிலிருந்து மரம் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. அவள் ஊற்றிய அந்த முதல் தண்ணீர்தான் இன்றைக்கும் நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. அப்படியென்றால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நான் செய்யாத ஒன்றை நம்பி அவள் தேடிவந்த வெளியூர் வேலையை விட்டிருக்கிறாள். என் கண் தானாக அலமாரி மேலிருந்த பெட்டிக்குப் போனது.

ஜோடனையைக் கழற்றி, மரத்தைப் பின்வாசல் வழியாக மூவரும் தூக்கிக்கொண்டுபோய், சுவரை ஒட்டாமல் முற்றத்தில் கிடத்தினோம். உள்ளே வந்ததும் தங்கை கேட்டாள்.

"அப்ப நீ ஊத்தவே இல்ல."

"ஜக்கோட வந்தேன்டி. உன் முறைக்கும் வந்தேன். பார்த்தா நிறைஞ்சிருந்துச்சு." இனி செய்து காட்ட வேலை எதுவும் மிச்சமில்லை. கூசினாலும் சரி என்று நாக்கைத் திருப்பினேன். "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் வீடுன்னு சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று தன் அறைக்குள் போனாள். போகப்போகிறாள், நாற்காலி எடுத்துவந்து போட்டுப் பெட்டியை இறக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள் கையில் ஒரு பழைய ஜக் இருந்தது. நிறையத் தண்ணீர்.

"நீ பாக்கக் கூடாதுன்னு என் ரூமுலயே வச்சிருந்தேன். உன் முறைக்குத்தான். தினமும் கொண்டாருவேன், ஊத்த இடமிருக்காது, திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "இப்ப இதை எங்க ஊத்துறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இங்க கொடு. நம்ம வீட்டுல தண்ணியை வீணாக்க மாட்டோம்" என்று ஜக்கை வாங்கி, மூன்று பேருக்கும் டீக்கு உலை வைத்தேன்.