அப்பாவின் கறுப்பு வேஷம்

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தொழில் நடக்கிறது. ஜன்னலோரம் என் தையல் மிஷின். பேன்ட் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப் போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது என்று என் பிழைப்பு ஓடுகிறது. எதிர்ச் சுவரோரம் அப்பாவின் கட்டில். வாரத்தில் மூன்று நாள் காலையில் அவர் அதில் படுத்து அலறுவார். அலறவைக்கவென்றே ஒருவர் வருவார்.

அவர் பிசியோதெரபிஸ்ட். அப்பாவின் மடங்காத முழங்காலை மடக்க வருகிறவர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் மூட்டுத்தம்பி. முப்பது வயதிருக்கும். வேறொரு கண்டத்திலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலை தேடிக்கொண்ட கறுப்பினத்துப் பிள்ளை. தமிழை நோயாளிகளிடமிருந்து கற்றுக்கொண்டார். அவருடைய நோயாளிகள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், அதனால் அவருடைய தமிழும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஷூவைக் கழற்றும்போதே, "என்னத்த சொல்ல போங்க, காலம் முன்ன மாதிரியா இருக்கு" என்று பெருமூச்சு விடுவார். அப்பாவும் பதிலுக்கு ஒன்று விடுவார். இரண்டு கிழவர்களுக்கு நடுவில் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன்.

முழங்காலை மடக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. அப்பாவை ஜோக் சொல்லச் சொல்வார். அப்பா ஒரு காலத்தில் சினிமாவில் நகைச்சுவை நடிகர். கடைசி வரி நெருங்கும்போது அவருக்கு உலகமே மறந்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து தம்பி காலை மடக்கிவிடுவார். அப்பா "ஆ!" என்று கத்துவார். அதே மூச்சில் கடைசி வரியையும் சொல்லிவிடுவார். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பார். அப்பாவுக்கு வலி மறந்துபோகும், சிரிப்பு மட்டும் காதில் நிற்கும். படங்கள் நின்று, மேடைகளும் நின்ற பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே ரசிகர் அவர்தான். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எனக்கு எல்லா ஜோக்கும் மனப்பாடம், ஒன்றுக்கும் சிரிப்பு வராது.

ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஐயா, பஸ் ஸ்டாப்ல போஸ்டர் பார்த்தேன். பழைய காமெடிப் படமெல்லாம் திரும்பப் போடுறாங்க. கோட் போட்டுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே? ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேன்!"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எந்தப் படம் என்று நானும் கேட்கவில்லை. தெரிந்ததுதான்.

கப்பல் கவிழ்ந்து ஒரு தீவில் ஒதுங்குகிறவர்களின் கதை அது. முதல் பாதியில் அப்பா கோட் போட்ட குமாஸ்தா. இரண்டாம் பாதியில் அதே ஆள் காட்டுத்தலைவனாக வேஷம் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். உடம்பெல்லாம் கரி, உதட்டைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட், கழுத்தில் எலும்பு மாலை. அர்த்தமில்லாத ஒரு பாஷையில் கத்திக்கொண்டு பாறையிலிருந்து குதிப்பார். குதித்து எழுந்து ஆடுவார். ஊரே உருண்டு சிரித்த காட்சி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை ஆடிக்காட்டச் சொல்லி என்னைச் சுற்றி நிற்பார்கள். ஆடியிருக்கிறேன், ரொம்பப் பெருமையாக.

அந்தக் குதிப்பில்தான் முழங்கால் போயிற்று. தம்பியிடம் அப்பா சொல்லிவைத்திருப்பது வேறு: படியில் வழுக்கிவிட்டதாம். பாறையென்றால் எந்தப் பாறை, என்ன வேஷம் என்று கதை நீளுமே.

"அந்தப் படம் வேணாம் தம்பி. பிரிண்ட் ரொம்ப மோசம், ஒண்ணும் தெரியாது."

"புதுசா சுத்தம் பண்ணியிருக்காங்களாமே ஐயா."

"அந்தத் தியேட்டர்ல மூட்டைப்பூச்சி."

"பரவாயில்ல, ரெண்டு கடி வாங்கிக்கிறேன்."

"நான்... அதுல நல்லா நடிக்கல."

என் மிஷின் தானாக நின்றது. தான் நன்றாக நடிக்கவில்லை என்று அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பியோ அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே?"

"என்ன தப்பு பண்ணேன் இப்ப? அந்தக் காலத்துல யாரும் தப்பா எடுத்துக்கல."

"எடுத்துக்க வேண்டியவங்க யாரும் தியேட்டர்ல இல்லப்பா."

"நான் யாரையும் கேலி பண்ணணும்னு பண்ணல. அவங்கள்ல ஒருத்தரக்கூட எனக்குத் தெரியாது அப்போ."

"இப்பத் தெரியுமில்ல?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அவர் வரலன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அப்பா மேல் எனக்கு எப்போதும் கோபம் இப்படித்தான், பாலைப் போலப் பொங்கும், பாலைப் போலவே இறங்கிவிடும்.

மறுநாள் தியேட்டர் மேனேஜரைப் பார்க்கப் போனேன். அவர் பேன்ட் எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"அக்கா, கூட்டமே அந்த சீனுக்குத்தான் வருது. வெட்டினா என்னை வெட்டிப் போட்டுருவாங்க."

"அப்புறம் ஏன் போஸ்டர்ல கோட் போட்ட படத்த ஒட்டினீங்க? அந்த வேஷத்தையே ஒட்ட வேண்டியதுதானே?"

"அது... இந்தக் காலத்துல வெளிய ஒட்ட முடியாதுக்கா. பிரச்சனை ஆயிடும்."

"வெளிய ஒட்ட முடியாதத உள்ள காட்டலாமா?"

அவர் டிக்கெட் கட்டை அடுக்கினார். அவர் கொடுத்து வைத்திருந்த பேன்ட்டை அடுத்த மாதம் தைத்துக்கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை போனில் தேடிப் பார்த்தேன். வாதாடுகிறவள் வளர்ந்த பிறகு ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? கரியைப் பார்த்ததும் போனைத் தள்ளிப் பிடித்தேன். அந்தப் பாஷையைக் கேட்டதும் சத்தத்தைக் குறைத்தேன். ஆனால் குதித்து எழுந்து, ஒரு கால் மட்டும் பேச்சைக் கேட்காமல் தனியே ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எல்லாருக்கும் வேடிக்கையாகத் தெரிந்த அந்த ஆட்டம், கால் உடைந்த மனிதர் வலியில் ஆடியது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரிப்பு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டுத்தம்பி வழக்கமான நேரத்துக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார். காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து, முழங்காலின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"படியில வழுக்கினதுன்னு சொன்னீங்க."

அப்பா போர்வை நுனியைத் திருகினார்.

"பாறையிலிருந்து குதிச்சு, இந்தக் கால்லதான் இறங்கினீங்க. இப்படித் திரும்பிடுச்சு, பார்த்தேன். அப்புறமும் ஆடுனீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரி வைத்தியம் பண்ணியிருப்பேன் ஐயா."

"தம்பி..." என்றார் அப்பா. "அத மட்டும்தான் பார்த்தீங்களா?"

"எல்லாத்தையும் பார்த்தேன்."

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"பக்கத்து சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு," என்றார் தம்பி. "படம் பூரா எங்கூடச் சேர்ந்து சிரிச்சுது. அந்தக் கோட் சீன்லயெல்லாம் ரெண்டு பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டோம். அப்புறம் நீங்க கரியைப் பூசிக்கிட்டு வந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்க ஆரம்பிச்சு, என்னைப் பார்த்துச்சு. வாயைப் பொத்திக்கிச்சு. திரையவே பார்க்கல, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. பாவமா இருந்துச்சு எனக்கு. அதனால நான் சிரிச்சேன். அப்புறம் அதுவும் சிரிச்சுது."

அப்பா எழுந்து உட்கார முயன்றார், கால் விடவில்லை. என்னைப் பார்த்தார். ஓடிப்போய் முதுகுக்குத் தலையணை வைத்தேன். "அந்தக் காலம்" என்று அவர் ஆரம்பித்துவிடக் கூடாதே என்று பயந்தேன்.

"மன்னிச்சிருங்க தம்பி," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சரிங்க ஐயா." தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கோபம் இருக்கு. போயிடும், கொஞ்ச நாளாகும். அதுக்காக உங்க கால விட்டுட்டுப் போக மாட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முடிந்தது, இனி டீ போடலாம் என்று நகர்ந்தேன். அப்பாவுக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பொண்ணுக்காகச் சிரிச்ச மாதிரி... இங்க நான் ஜோக் சொல்லும்போதும் சிரிச்சிருக்கீங்களா?"

தம்பி அவர் முழங்காலைப் பார்த்தார். அப்பா வாழ்நாளெல்லாம் சிரிப்புக்குக் காது கொடுத்தவர், அவரை ஏமாற்ற முடியாது.

"சில நாள்," என்றார் தம்பி மெதுவாக. "வலிக்குதே, பாவம், தனியா இருக்கீங்களேன்னு..."

அப்பா கூனிக்குறுகிப்போவார் என்று நினைத்தேன். குறுகினார்தான். பிறகு தலையணையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இனிமே வேணாம். பிடிக்கலன்னா சிரிக்காதீங்க. எனக்காகவும் சிரிக்காதீங்க, யாருக்காகவும் சிரிக்காதீங்க."

"சரி ஐயா. ஜோக் சொல்லுங்க, மடக்கணும்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கையிருப்பிலேயே உசத்தியானதை எடுத்துவிட்டார். கடைக்காரனும் குடையும். பல மேடைகளில் கைத்தட்டு வாங்கியது. கடைசி வரியில் தம்பி காலை மடக்கினார். அப்பா கத்தினார். கத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

தம்பி சிரிக்கவில்லை. "இது நல்லா இல்லீங்க ஐயா," என்றார்.

கூட்டம் கூட்டமாக ஜனங்களைச் சிரிக்கவைத்த மனிதர், ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் உதட்டை நக்கி ஈரமாக்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு மனப்பாடமான ஜோக் எதுவும் இனி உதவாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதைப் போல, யோசித்து, தயங்கி, நான் கேட்டேயிராத ஒன்றை அப்பா சொல்ல ஆரம்பித்தார்.