கட்டிலில் ஏறிய சிங்கம்

அன்று காலை மின்னா ஹோல்முக்கு ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை. எடன்டேல் ஸ்டுடியோவின் ஊமைப்படத்தில் அவளுக்கு இருந்தது ஒரே காட்சிதான். குடித்துவிட்டு வந்த புருஷன் என்று நினைத்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு சிங்கத்தின் பிடரியைத் தடவித் திட்ட வேண்டும்.

"அது கிழடும்மா. பாதிப் பல்லு விழுந்தாச்சு," என்றார் டைரக்டர் டட்லி.

"மீதிப் பல்லு எனக்குப் போதுமே சார்."

எல்லோரும் சிரித்தார்கள். வெகுநாள் கழித்துக் கிடைத்த வேலை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

கேமராக்காரன் எமில் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான். சிங்கம் கட்டிலில் ஏறியது. ஸ்பிரிங்குகள் முனகின.

"திட்டு, மின்னா!" என்று கத்தினார் டட்லி.

"வந்துட்டியா, குடிகாரா? எந்தச் சாக்கடைல விழுந்து எந்திரிச்சே?"

பக்கத்து செட்டில் யாரோ பலகையைத் தடாலென்று போட்டார்கள். சிங்கம் உறுமியது. அந்த உறுமல் அவள் வயிற்றுக்குள் அதிர்ந்தது. கனத்த பாதம் ஒன்று அவள் தோளில் இறங்க, நகம் இரவு உடையைத் துளைத்தது.

"அசையாதே. பேசிக்கிட்டே இரு," என்றான் சிங்கம் பழக்கும் ஸ்வென்சன். அவன் குரலே நடுங்கியது.

"பிரமாதம்! சுத்து எமில், சுத்து!" என்றார் டட்லி.

மின்னா பேசினாள். வாய்க்கு வந்ததையெல்லாம், தாலாட்டுப் போலத் தாழ்ந்த குரலில் திட்டினாள். ஸ்வென்சன் இறைச்சித் துண்டைக் காட்டிக் காட்டி ஒருவழியாகச் சிங்கத்தைக் கீழே இறக்கினான்.

"முழுசா எடுத்தியா?" என்றார் டட்லி.

எமிலின் முகம் வெளுத்திருந்தது. "இல்ல சார். அது தோள்ல காலை வெச்சதும் என் கை நின்னு போச்சு."

டட்லி தொப்பியைத் தரையில் அடித்தார். "மறுபடியும் எடு!"

"அவ செத்தாலும் சுத்தச் சொல்வீங்க. என்னால முடியாது."

"வேற ஆளு இல்லையா எனக்கு?"

மின்னா எழுந்தாள். தோளில் ரத்தம் பொட்டுப் பொட்டாக ஊறியிருந்தது. "கூப்பிடுங்க சார். இந்தக் கட்டிலுக்கும் சேர்த்து ஒருத்தியக் கூப்பிடுங்க." அதே உடையில் வாசலை நோக்கி நடந்தாள். எமில் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

வேறு எவளும் அந்தக் கட்டிலில் படுக்கச் சம்மதிக்கவில்லை. எடுத்தவரையில் ஒட்டுப்போட்டுப் படத்தை வெளியிட்டார்கள். மின்னாவும் எமிலும் போய்ப் பார்த்தார்கள். சிங்கம் ஏறியதும் கொட்டகையே சிரிப்பில் குலுங்கியது. முன்வரிசைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்பள என்னமா நடிக்கிறா!" என்றார்.

மின்னா எமிலின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். காட்சி முடிந்தும் விடவில்லை.